விண்ணில் ஓர் ஊர் – 11: எட்டு விநாடிச் சக்கரம்

இந்த வாரம் கலிஃபோர்னியாவுக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தேன். 1975 கோடை, நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம், ஜெரார்ட் ஓநீல், பத்தாயிரம் பேர் குடியிருக்கும் விண்நகரத் திட்டம். பிரின்ஸ்டனில் இயற்பியல் பேராசிரியரான ஓநீலைத் தொடரை விடாமல் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். பெட்டி கட்டி வாசல்படிக்கும் வந்தாயிற்று. அங்கே ஒருவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். காசநோயால் வேலை போன ஒரு ராணுவ கேப்டன். இரண்டே நிமிடம் அவரோடு பேசிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

பெயர் ஹெர்மன் பொட்டோச்னிக். 1892 டிசம்பரில் பூலா துறைமுகத்தில் பிறந்தவர். இன்று குரோஷியாவில் இருக்கும் அந்த ஊர் அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் கடற்படைத் தளம். அப்பா கடற்படை மருத்துவர். பிள்ளைக்கு இரண்டு வயதானபோது இறந்துபோனார். குடும்பம் ஸ்லோவேனியப் பக்கத்து மாரிபோருக்குக் குடிபெயர்ந்தது. தகப்பன் இல்லாத பையனுக்கு ராணுவப் பள்ளி வழிவிட்டது. ரயில் பாதையும் பாலமும் கட்டும் பொறியியல் படித்தார். முதல் உலகப் போரில் சோச்சா ஆற்றுப் போர்முனை வரை போய்வந்தார். திரும்பியபோது நெஞ்சில் காசநோய். 1919இல் கேப்டன் பட்டத்தோடு பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் எந்தப் பேரரசுக்காகப் போரிட்டாரோ அதுவே அதற்குள் இல்லாமல் போயிருந்தது.

பிறகு வியன்னாவில் மின்பொறியியல் படிப்பு. கல்யாணம் ஆகவில்லை, நிரந்தர வேலையும் அமையவில்லை. சகோதரர் அடால்ஃபின் வீட்டில் வாசம். 1925 முதல் முழுநேரமும் ராக்கெட்தான். இருமிக்கொண்டே கணக்குப் போட்டார் என்று எழுதக் கை துடிக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்தவன் இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

1928 கடைசியில் பெர்லினில் அவருடைய ஒரே புத்தகம் வெளிவந்தது. விண்வெளிப் பயணம் என்னும் சிக்கலைப் பற்றியது. 188 பக்கம், நூறு படங்கள். அட்டையில் சொந்தப் பெயர் இல்லை, நோர்டுங் என்ற புனைபெயர். வாழ்நாளில் ஒரே புத்தகம் எழுதியவர்கள் மீது எனக்கு எப்போதும் ஒரு பட்சபாதம் உண்டு. இந்த மனிதரின் படங்களைப் பார்த்த பிறகு அது முற்றிவிட்டது.

விண்ணில் மிதக்கும் ஒரு சக்கரம். குறுக்களவு 30 மீட்டர். குடியிருப்புச் சக்கரம் என்றே பெயர் வைத்தார். விளிம்பு முழுக்க அறைகள்: படுக்கும் அறை, படிக்கும் அறை, உணவுக்கூடம், ஆய்வுக்கூடம், பட்டறை, சமையலறை, குளியலறை, துணி துவைக்க ஓர் அறை. ரஷ்ய ராக்கெட் முன்னோடி ஸியோல்கோவ்ஸ்கி நட்சத்திரங்களைப் பற்றித் தத்துவம் பேசியவர். அவரை மூன்றாம் அத்தியாயத்தில் தலையில் வைத்துக் கொண்டாடியாயிற்று. அழுக்குத் துணியைப் பற்றி யோசித்தவர் நம் கேப்டன். விளிம்பிலிருந்து நடுக்குடத்துக்கு லிஃப்ட், வளைந்து ஏறும் படிக்கட்டு. குடத்தின் நடுவே வெளியே போகும் வாசல். உள்ளே இருக்கும் காற்று வெளியே ஓடிவிடாதபடி இரட்டைக் கதவு. முன்னால் வெயிலைத் திரட்டி மின்சாரம் எடுக்க ஒரு குழியாடி. இயந்திரக் கூடமும் தொலைநோக்கிக் கூடமும் தனித்தனியே பக்கத்தில் மிதக்கும்.

சக்கரம் ஏன் சுழல வேண்டும்? வாளி நிறையத் தண்ணீர் எடுத்துக் கையை வீசிச் சுற்றிப் பாருங்கள். வாளி தலைகீழானாலும் சொட்டுக்கூடச் சிந்தாது. அதே வித்தைதான். சுழலும் சக்கரத்தில் விளிம்பின் வெளிச்சுவர்தான் தரை. மனிதன் அதில் காலூன்றி நிற்பான், தலை நடுக்குடத்தைப் பார்த்திருக்கும். பூமியில் இருக்கும் அதே எடை வேண்டுமானால், 30 மீட்டர் சக்கரம் எட்டு விநாடிக்கு ஒருமுறை சுற்ற வேண்டும்.

இங்கேதான் கேப்டன் சறுக்கினார். எட்டு விநாடிக்கு ஒரு சுற்று என்றால் பொருட்காட்சி ராட்டினமே தேவலை. ஆள் நிமிர்ந்து நின்றால் காலுக்கு முழு எடை, தலைக்கு அதில் 88 சதவீதம்தான். சட்டென்று தலையைத் திருப்பினால் குமட்டும். இதற்கு மாத்திரை தீர்வல்ல, அளவுதான் தீர்வு. சக்கரத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க, அதே எடைக்குச் சுழற்சியைக் குறைத்துக்கொண்டே போகலாம். பிற்கால விண்நகரங்கள் பிரம்மாண்டமாக வளர்ந்தது ஆடம்பரத்துக்காக அல்ல, வாந்தி வராமல் இருக்க!

இன்னொரு விஷயத்தில் அவர் சறுக்கவே இல்லை. சக்கரத்தை எங்கே நிறுத்துவது? நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் என்றார். அங்கே ஒரு பொருள் பூமியைச் சுற்றிவர, பூமி தன்னைத் தானே சுற்ற எடுக்கும் நேரமே ஆகும். கீழிருந்து பார்த்தால் அது அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். உங்கள் மொட்டைமாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனா வருடக்கணக்கில் ஒரே பக்கம் பார்த்தபடி நிற்கிறதே, அது பார்ப்பது இந்த உயரத்தைத்தான். 1945இல் ஆர்தர் கிளார்க் இதே உயரத்தில் தகவல்தொடர்பு நிலையங்களை வைக்கலாம் என்று எழுதினார். புகழ் அவரோடு போனது. கிளார்க் பெரிய எழுத்தாளர், அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

கோபம் வேறொருவர் மேல். 1952இல் அமெரிக்காவின் கோலியர்ஸ் வார இதழில் ஒரு சக்கரம் சுழன்றது. குறுக்களவு 76 மீட்டர், உயரம் 1,730 கிலோமீட்டர், செஸ்லி போன்ஸ்டெல் வரைந்த அசத்தலான ஓவியங்கள். எழுதியவர் வெர்னர் வான் பிரவுன். உலகம் அதை வான் பிரவுன் சக்கரம் என்றே இன்றும் சொல்கிறது. ஹிட்லருக்காக அவர் செய்த வி-2 ராக்கெட்டுகளைக் கட்டியது மிட்டல்பாவ்-டோரா வதைமுகாமின் கைதிகள். அந்த முகாமில் அடைபட்டவர்கள் சுமார் 60,000 பேர். செத்தவர்கள் 20,000 பேர் வரை. சந்திரனுக்கு ஆளை அனுப்பிய மேதை என்று ஒரு தட்டில் எத்தனை பாராட்டை வைத்தாலும் என் தராசில் அந்த இன்னொரு தட்டு ஏறுவதாக இல்லை.

இடம் தீர்ந்துகொண்டு வருகிறது. ஏம்ஸ் விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1975இல் அங்கே கூடியவர்கள் வரைந்ததும் சக்கரம்தான். குறுக்களவு 1.8 கிலோமீட்டர், நிமிடத்துக்கு ஒரே சுற்று, கதிர்வீச்சைத் தடுக்கச் சுற்றிலும் ஏறத்தாழ ஒரு கோடி டன் நிலவு மண். அந்த மண்ணை நிலவிலிருந்து எப்படி வீசி எறிவது என்று ஓநீல் யோசித்த கதை அடுத்த வாரம். இந்த முறை நிச்சயம்.

கேப்டனை மட்டும் வழியனுப்பிவிடுவோம். 1929இல் அவர் புத்தகத்தை ஓர் அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ் ஆங்கிலத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது. ஆகஸ்ட் இதழின் அட்டையில், வண்ணத்தில், அவருடைய சக்கரம். அதே ஆகஸ்ட் 27ஆம் தேதி வியன்னாவில் நிமோனியாவில் இறந்தார். வயது 36. மாரிபோர் நாளிதழ் ஒன்று இரங்கல் செய்தி போட்டது. கேப்டன், பொறியாளர் என்று அதில் இருந்தது. என்ன நோய் என்றும் இருந்தது. விண்வெளி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

(தொடரும்)