வரிவரியாய் ஒரு வெளிச்சம்: மேன் ரே, கீகி, லீ மில்லர்

சர்ரியலிசம் பத்தின புத்தகங்களைப் புரட்டற பழக்கம் இருந்தா இந்தப் படத்தைப் பார்த்திருப்பீங்க. ஒரு பெண்ணோட உடம்பு. கழுத்துக்கு மேலே இல்லை, இடுப்புக்குக் கீழே இல்லை. ஜன்னல் திரை வழியா வந்த வெளிச்சம் வரிவரியா விழுந்து, வரிக்குதிரை மாதிரி ஆயிருக்கும். கீழே 'மேன் ரே, 1923'ன்னு போட்டிருப்பாங்க.

ஒரு சின்ன விஷயம். அது முதல்ல போட்டோவே கிடையாது. ஒரு சினிமாவிலேர்ந்து வெட்டி எடுத்த ஃப்ரேம்.

சினிமாவோட கதை செம காமெடி. அமெரிக்காவில பிறந்த மேன் ரே (நிஜப் பேர் இம்மானுவேல் ராட்னிட்ஸ்கி) பாரிஸுக்கு வந்து சேர்ந்தது 1921ல். ரெண்டு வருஷம் கழிச்சு, 1923 ஜூலை 6ந் தேதி, மிஷேல் தியேட்டர்ல டாடா கோஷ்டி ஒரு கலைநிகழ்ச்சி நடத்தறாங்க. அமைப்பாளர் டிரிஸ்டன் ஸாரா முந்தின நாள் வந்து, 'உன் படம் ஒண்ணு நிகழ்ச்சி நிரல்ல அச்சாயிடுச்சு'ன்னு குண்டைத் தூக்கிப் போடறார். கையில இருந்ததோ கொஞ்சம் துண்டு ஃபிலிம். டெட்லைனுக்கு முந்தின ராத்திரி என்ன நடக்கும்னு நம்ம துறைக்காரங்களுக்குச் சொல்லணுமா என்ன! மனுஷன் இருட்டறையில ஃபிலிமை நீளமா விரிச்சு, சமையல்காரர் மாதிரி உப்பும் மிளகும் தூவி, குண்டூசியும் ஆணியும் இறைச்சு, ஒரு நொடி விளக்கைப் போட்டு அணைச்சார். பொருளோட நிழல் நேரா ஃபிலிம்ல பதிஞ்சுடும், கேமராவே வேண்டாம். அதையும் ஏற்கனவே எடுத்து வெச்சிருந்த காட்சிகளையும் ஒட்டி, சுமார் மூணு நிமிஷப் படம். பேரு 'பகுத்தறிவுக்குத் திரும்புதல்'. திரையிடும்போது ஃபிலிம் ரெண்டு தடவை அறுந்துது. அன்னிக்கு ராத்திரி மேடையில கைகலப்பு, போலீஸ் எல்லாம் வந்தது தனிக்கதை.

படத்தோட கடைசிக் காட்சிதான் அந்த வரிகள். ஜன்னல் பக்கத்துல நின்னு மெதுவாத் திரும்பறது கீகி. ஸ்டில்லைப் பார்த்துட்டுப் படத்தைப் பார்த்தா ஒரு அதிர்ச்சி இருக்கு. வரிகள் ஓடுது! விளக்கு நகரலை, திரை நகரலை. அவங்க திரும்பறதால வரி வளையுது, நெருங்குது, விரியுது, விலாவில இறங்கிக் காணாமப் போகுது.

இதுல இருக்கற ஜியோமெட்ரி ரொம்ப எளிசு. தட்டையான சுவத்துல விழுந்தா வரி நேரா இருக்கும். வளைவு மேல விழுந்தா, எவ்வளவு வளைவோ அவ்வளவு வளையும். ஸர்வே மேப்ல மலையைச் சுத்தி சமஉயரக் கோடு போடுவாங்களே, கிட்டத்தட்ட அப்படி. இன்னிக்கு 3டி ஸ்கேனர்ல இதே வேலைதான். தெரிஞ்ச ஒரு வெளிச்ச அமைப்பை உருவத்து மேல அடிச்சு, அது எப்படிக் கோணுதுன்னு கேமராவில பார்த்து மேடு பள்ளத்தைக் கணக்குப் போடறது. 2017ல வந்த ஐபோன் எக்ஸ் முகத்து மேல முப்பதாயிரத்துக்கும் அதிகமான கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளை அடிக்குது. அதுக்கு வேண்டியது முகம். மேன் ரேயோட ஃப்ரேம்ல முகம்தான் இல்லை.

அந்த ஒத்தை ஃப்ரேம் 1924 டிசம்பர்ல வந்த 'சர்ரியலிசப் புரட்சி' பத்திரிகையோட முதல் இதழ்ல அச்சாச்சு. ஓட்டம் போயிடுச்சு, திரும்பினவங்களும் போயிட்டாங்க. மிச்சம் வரி போட்ட ஒரு பொருள். சர்ரியலிஸ்டுகளுக்கு அதுதான் வேணும்: உடம்பு உடம்பா இல்லாம மிருகமா, திரைச்சீலையா, கல்லா மாறித் தெரியணும். படம் அழகுங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அந்த மாற்றத்துக்கு விலையா வெட்டப்படறது எப்பவும் பெண்ணோட தலையாவே இருக்கறது கொஞ்சம் உறுத்துது.

வெட்டுப்பட்ட தலையும் சாதாரணத் தலை இல்லை. கீகியோட நிஜப் பேர் ஆலிஸ் ப்ரீன், 1901ல பிறந்தவங்க. பாடுவாங்க, ஓவியம் வரைவாங்க, 1927ல தனிக் கண்காட்சியே வெச்சாங்க. 1929ல சுயசரிதை எழுதினாங்க. அடுத்த வருஷம் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்னுரை ஹெமிங்வே! அந்தப் புத்தகத்தை அமெரிக்கச் சுங்கத்துறை உள்ளே விடலை. அவங்க முதுகுல வயலின் துளை ரெண்டு இருக்கற, மேன் ரேயோட இன்னொரு பிரபலப் படத்தோட பிரதி 2022ல ஏலத்துல 1.24 கோடி டாலருக்குப் போச்சு.

1929ல கீகி இருந்த இடத்துக்கு வந்தவங்க லீ மில்லர். நியூயார்க்ல வோக் பத்திரிகை மாடல். போட்டோ எடுத்துக்க இல்லை, எடுக்கக் கத்துக்க வந்தாங்க. ஒருநாள் இருட்டறையில காலுக்கு மேல ஏதோ ஓட (எலின்னு நினைச்சாங்களாம்), பதறிப்போய் விளக்கைப் போட்டுட்டாங்க. டெவலப்பர்ல இருந்த நெகடிவ் எல்லாம் வெளிச்சம் குடிச்சுடுச்சு. பாழ்னு நினைச்சா, உருவத்தோட ஓரத்துல விசித்திரமா ஒரு கருங்கோடு! இந்த விளைவு 19ம் நூற்றாண்டிலயே தெரிஞ்சதுதான். ஆனா அதை அடக்கி ஒரு பாணியா வளர்த்தது இவங்க ரெண்டு பேரும். ரொம்ப நாளைக்கு மேன் ரேயோட பாணின்னுதான் உலகம் சொல்லிச்சு.

1930 வாக்குல மேன் ரே மறுபடி ஜன்னல் பக்கம் போறார். இந்தத் தடவை நிக்கறது லீ. திரையோட பின்னல் நிழல் உடம்பு முழுக்க வலையா விழுந்திருக்கு. 1931ல பாரிஸ் மின்சாரக் கம்பெனிக்காக பத்துப் படம் கொண்ட 'மின்சாரம்'னு ஒரு தொகுப்பு பண்ணினார். அதுல லீயோட உடம்பு மேல வெள்ளையா அலைக்கோடுகள் ஓடும். கம்பெனிக்கு விளம்பரம், அவருக்குக் கலை, தலை வழக்கம் போல இல்லை.

இந்த இடத்துலதான் எனக்குப் பிடிச்ச சண்டை வருது. லீயோட கழுத்தை எடுத்த ஒரு நெகடிவ் சரியில்லைன்னு மேன் ரே தூக்கிப் போட்டுட்டார். லீ அதைப் பொறுக்கி எடுத்து, வேற மாதிரி வெட்டி, பார்த்துப் பார்த்து பிரிண்ட் போட்டாங்க. அருமையா வந்துது. அப்ப இது யாரோட படம்? எடுத்தவர் அவர், கழுத்து இவங்களோடது, குப்பையில படத்தைக் கண்டுபிடிச்சதும் இவங்க. சண்டை முத்தி மேன் ரே அவங்களை ஸ்டூடியோவை விட்டு வெளியே அனுப்பிட்டார். லீ திரும்பி வந்தப்ப பிரிண்ட் சுவத்துல குத்தியிருந்துது, கழுத்து ரேஸரால கீறப்பட்டு, சிவப்பு மை வழிய விட்டு.

1932ல லீ நியூயார்க் போய் சொந்த ஸ்டூடியோ திறந்துட்டாங்க. போர்ல வோக் பத்திரிகைக்காக நேரா களத்துக்குப் போனாங்க, 1945 ஏப்ரல்ல புக்கன்வால்ட், டாகாவ் முகாம்களைப் படம் எடுத்தாங்க. நடுவுல ஒரு வேடிக்கை: பின்னாளில் கணவரான ரோலண்ட் பென்ரோஸ், உருமறைப்பு பத்தி சிப்பாய்களுக்கு வகுப்பு எடுத்தவர். 1941ல கையேடே எழுதினார். வகுப்பு தூங்கி வழியும்போது, உடம்பெல்லாம் பச்சைப் பூச்சோட வலைக்குள்ள படுத்திருக்கற லீயோட ஸ்லைடைப் போடுவாராம். பாரிஸ்ல உருவத்தைக் காட்டின வலையும் வரியும், இங்கே உருவத்தை ஒளிக்கறதுக்குப் பாடம். உருவத்தோட வளைவை ஒட்டி ஓடினா காட்டிக்கொடுக்கும், அதை வெட்டிக்கிட்டுப் போனா மறைச்சுடும்.

லீ 1977ல இறந்தப்ப, அவங்க என்ன செஞ்சாங்கன்னு மகனுக்கே முழுசாத் தெரியாது. அப்புறம்தான் வீட்டுப் பரண்ல பெட்டி பெட்டியா சுமார் அறுபதாயிரம் நெகடிவும் பிரிண்டும் கிடைச்சுது.

அவங்க எடுத்ததுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 1937ல, எகிப்தோட சீவா பாலைவனச் சோலைக்குப் பக்கத்துல எடுத்த ஒண்ணு. பேரு 'வெளியின் உருவப்படம்'. பூச்சி வராம இருக்க அடிச்ச வலை, நடுவுல பெருசா கிழிஞ்சிருக்கு. அதுல சின்னதா ஒரு சட்டம் தொங்குது. அந்தப் பக்கம் பாலைவனம், வானம். திரை இருக்கு, வெயில் இருக்கு. முன்னால நிக்க வெச்ச உடம்புதான் இல்லை. அவங்க இந்தப் பக்கம் கேமராவோட நிக்கறாங்க.