வாகனத் தவணைக் கடன்

வாகனத் தவணைக் கடன் என்பது சிற்றுந்து முதலியவற்றை வாங்க வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அளிக்கும் கடனாகும். தமிழ்நாட்டில் இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒன்றான சுந்தரம் பைனான்ஸ் 1954 இல் தொடங்கப்பட்டது.

விற்பனையாளரிடம் விலை பேசுவோர் வட்டி விகிதத்தோடு கணக்கிடும் முறையையும் கேட்டறிதல் வேண்டும். 5 இலட்சம் ரூபாய்க்கு 10% "பிளாட்" வட்டி எனில், 5 ஆண்டுகளுக்கு மாதத் தவணை 12,500 ரூபாய். அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத்தொகைக்கே கணக்கிடப்படுவதால், உண்மை வட்டி ஏறத்தாழ 17% ஆகும். விலையில் பெற்ற தள்ளுபடி இதிலேயே கரைந்துவிடக்கூடும். இந்த ஆண்டு வட்டியைக் காட்டும் விவர அறிக்கையை ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் முதல் கட்டாயமாக்கியுள்ளது.

கடன் கொடுத்தவரின் பெயர் வாகனப் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்படும். கடன் தீர்ந்தபின் அவர் கையொப்பமிட்ட படிவம் 35 ஐ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளித்து அப்பெயரை நீக்கலாம். நீக்காவிடில் பின்னாளில் விற்பது கடினம்.