நிக்காஹ் அழைப்பிதழ்: பத்தமடைப் பாயைப் பார்த்துவிட்டு அச்சகத்துக்குப் போவோம்

மஹர் பேசியாயிற்று, நாள் குறித்தாயிற்று, ஜமாஅத்தில் சொல்லியும் ஆயிற்று. அடுத்து வீட்டில் தொடங்குவது அழைப்பிதழ் விவாதம்தான். வாப்பாவுக்கு விவரம் தெளிவாக இருந்தால் போதும். உம்மாவுக்குச் சம்பந்தி வீட்டாரின் கார்டை விடக் குறைந்துவிடக் கூடாது. மணப்பெண்ணின் தம்பி கைப்பேசியில் 'நிக்காஹ் கார்டு' என்று தேடி நாற்பது படங்களைக் காட்டுகிறான். நாற்பதும் ஒன்றுபோலவே இருக்கின்றன: மொராக்கோ பாணி வளைவு, மேலிருந்து தொங்கும் பித்தளை விளக்கு, மூலையில் பிறை, சுற்றிலும் தங்க நிறம். பெயரை மட்டும் மாற்றினால் அது துபாயில் நடக்கும் திருமணமா, ஹைதராபாத்தில் நடப்பதா, கல்லிடைக்குறிச்சியில் நடப்பதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த வடிவங்கள் அழகில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நம் தெருப் பள்ளிவாசலில் அப்படி ஒரு விளக்கு தொங்கிப் பார்த்ததுண்டா? புதுமையாக ஒரு அழைப்பிதழ் வேண்டும் என்பவர்கள் இணையத்தில் தேடுவதற்கு முன், கல்லிடைக்குறிச்சியிலிருந்து நெல்லை செல்லும் பஸ்ஸில் ஏறி, வீரவநல்லூரையும் சேரன்மகாதேவியையும் தாண்டிப் பத்தமடையில் இறங்கிப் பாருங்கள். மணமக்களின் பெயரையும் திருமண நாளையும் ஒரு பொருளில் அழகாகப் பொறிப்பது எப்படி என்று அந்த ஊர் தலைமுறைகளாகச் செய்து காட்டி வருகிறது. செய்பவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்துப் பெண்கள்.

பத்தமடைக் கல்யாணப் பாயைத்தான் சொல்கிறோம். தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும் கோரையை அறுத்து, கீறி, உலர்த்தி, ஓடும் தண்ணீரில் சில நாட்கள் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, பிறகு இழை இழையாகக் கிழித்துச் சாயமேற்றுகிறார்கள். முன்காலத்தில் சிவப்புக்குச் சப்பங்கிக் கட்டைச் சாயம். இப்போது பெரும்பாலும் கடைச் சாயம். பருத்தி நூல் பாவாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும், அதன் ஊடே கோரை இழை ஒவ்வொன்றாகப் போகும். நயமான பாய்களை 100, 120, 140 'கவுண்ட்' என்று சொல்வார்கள். எண் ஏற ஏறக் கோரை இழை மெலியும், நெசவு நாட்களும் கூடும். உயர்ந்த ரகத்தைப் பட்டுப்பாய் என்றே அழைக்கிறார்கள். துணிபோல மடிக்கலாம். புவிசார் குறியீடு பெற்ற பொருள் இது. பாயின் இரு ஓரங்களிலும் வண்ணக் கரை, நடுவில் அல்லது தலைப்பில் மணமகன் பெயர், மணமகள் பெயர், தேதி. அவ்வளவுதான் அதிலுள்ள எழுத்து.

அழைப்பிதழ் வடிவமைப்பவர் அந்தப் பாயிடமிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்? முதலில், வெற்றிடம். பாயின் பெரும்பகுதி கோரையின் இயல்பான வைக்கோல் நிறத்தில் சும்மா கிடக்கும். அதனால்தான் கரையும் பெயரும் எடுப்பாகத் தெரிகின்றன. நம் கார்டுகளில் கைப்பெருவிரல் அளவு இடம்கூட மிச்சம் வைப்பதில்லை. இரண்டாவது, நிறம். வைக்கோல் நிறம், கருஞ்சிவப்பு, கறுப்பு, சில பாய்களில் பச்சை. இரண்டு மூன்று நிறங்களுக்கு மேல் போகாத அந்தக் கட்டுப்பாடு அச்சுக்கு மிகவும் ஏற்றது, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் செலவும் குறையும். மூன்றாவது, எழுத்து. நெசவில் வளைவு எளிதில் வராது. அதனால் எழுத்துகள் படிக்கட்டுபோலக் கட்டம் கட்டமாக எழும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் மணமக்களின் பெயரை ஒவ்வொரு கட்டமாக நிரப்பிப் பாருங்கள், அதே அழகு தாளிலும் வரும். அரபு எழுத்துக்கலையில் கட்டக் கூஃபி என்று ஒரு பாணி உண்டு, அதுவும் இதே முறைதான். மத்திய ஆசியாவிலும் ஈரானிலும் செங்கல்லையும் ஓட்டையும் அடுக்கிப் பள்ளிவாசல் சுவர்களில் எழுதினார்கள். செங்கல்லால் அவர்கள் செய்ததைக் கோரையால் பத்தமடைக்காரர்கள் செய்கிறார்கள்.

'இஸ்லாமிய டிசைன்' என்றதும் அரபு நாட்டு வளைவுதான் என்று நாம் நினைப்பது அண்மைப் பழக்கம். சீனாவின் சிஆன் நகரப் பெரிய பள்ளிவாசல் சீனக் கூரையோடும் முற்றங்களோடும் நிற்கிறது. மாலி நாட்டின் ஜென்னே பள்ளிவாசல் முழுக்க மண்ணால் ஆனது, இப்போதைய கட்டடம் 1907இல் எழுப்பப்பட்டது. நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய பள்ளிவாசல்கள் தமிழகத்துக் கல்தச்சர்களின் கைவண்ணத்தில், கல்தூண்களோடு, திராவிடப் பாணியில் நிற்கின்றன. உருவங்களை மட்டும் தவிர்த்தார்கள், உள்ளூர்க் கைவேலையைத் தவிர்க்கவில்லை. அந்தத் தூண்களின் பூவேலையைக் கோட்டோவியமாக எடுத்தால் எந்தப் பித்தளை விளக்கையும் விட அது நமக்குப் பொருத்தமான அலங்காரம்.

பத்தமடை வரை போக நேரமில்லாதவர்களுக்குப் பக்கத்திலேயே இன்னும் உண்டு. வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலையில் வரும் சிறு செடி உருவத்தை கார்டின் ஒரு மூலையில் ஒன்றே ஒன்று வைத்தாலும் போதும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் பொதிகை மலையின் விளிம்பை ஒரே கோடாக இழுத்து, அதன் கீழே ஆற்றுக்கு இரண்டு கோடு போட்டால் ஊரை அடையாளம் காட்ட வேறு படம் வேண்டாம். எங்கள் நண்பர் ஒருவர், ஊரின் பெயர் அப்பளத்தால்தானே தெரிகிறது, கார்டையும் அப்பளம்போல வட்டமாக வெட்டினால் என்ன என்றார். வெட்டலாம், ஆனால் அதற்குத் தனி 'டை' செய்ய வேண்டும், உறையும் தனியாகச் செய்ய வேண்டும். கணக்குப் போட்டதும் அவரே விட்டுவிட்டார்.

வீட்டிலுள்ள பழைய தகரப் பெட்டியையும் திறந்து பாருங்கள். வாப்பா, பெரிய வாப்பா, நன்னா காலத்து அழைப்பிதழ் ஒன்றாவது கிடைக்கும். ஒற்றை நிறம், ஈய எழுத்து, மெல்லிய தாள். "தீன்குலச் செல்வன்", "தீன்குலச் செல்வி" என்ற சொற்களும், அழைப்பவரின் பெயருக்கு மேல் ஸலாமும் இருக்கும். அந்த வாசகத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் புதிய தாளில் அச்சிட்டால் அதுவே நல்ல வடிவமைப்பு. வயதானவர்கள் அதைக் கையில் வாங்கும்போது தெரியும் மகிழ்ச்சியை எந்தத் தங்கத் தகடும் தராது.

இனி, நம்மை இந்தக் கட்டுரை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறோம். அண்மையில் ஒரு திருமணம் முடிந்து மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது வாசலில் அழைப்பிதழ் ஒன்று மிதிபட்டுக் கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தால் முகப்பில் அரபியில் அர்ரூம் அத்தியாயத்தின் 21ஆம் வசனம், பளபளக்கும் எழுத்தில். கணவன் மனைவியரிடையே அன்பையும் கருணையையும் பற்றிப் பேசும் அந்த வசனத்தைத் திருமண அழைப்பில் போட விரும்புவது இயல்பு. ஆனால் ஆயிரம் கார்டு அச்சிட்டால் நிகழ்ச்சி முடிந்ததும் அதில் பெரும்பங்கு எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தக் கவலை புதியதல்ல. பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்கு அப்ஜத் கணக்கில் வரும் கூட்டுத்தொகையான 786ஐ முன்னோர் சிலர் தலைப்பில் போட்டதற்கு இதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். எண் எழுத்துக்கு ஈடாகாது என்று அதை ஏற்காத ஆலிம்களும் உண்டு. நம் கருத்து எளிமையானது: வசனத்தின் அரபி மூலத்தை முகப்பில் அலங்காரமாக்க வேண்டாம். "இறைவனின் திருப்பெயரால்" என்று தமிழில் தொடங்கலாம், வசனம் வேண்டுமென்றால் அத்தியாயப் பெயரையும் எண்ணையும் மட்டும் குறிப்பிடலாம். வாசிக்க விரும்புபவர் குர்ஆனைத் திறந்து வாசிப்பார்.

அப்படியும் அரபி எழுத்து வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அரபி எழுத்துகள் வலமிருந்து இடமாக, ஒன்றோடொன்று சேர்ந்து வர வேண்டும். பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் அரபியை ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, சில நேரம் தலைகீழ் வரிசையில் வந்துவிடும். அரபி அறியாத அச்சகத் தம்பிக்கு அது பிழை என்றே தெரியாது. அப்படி அல்லாஹ்வின் பெயரே உடைந்து நின்ற ஒரு மாதிரிப் படியை நாமே கடைசி நேரத்தில் நிறுத்தியிருக்கிறோம். தட்டச்சு செய்து அனுப்பாமல், எழுத்துக்கலை தெரிந்தவரிடம் எழுதி வாங்கிப் படமாகக் கொடுப்பது பாதுகாப்பு. தட்டச்சுதான் என்றால் 'அமீரி' என்ற இலவச எழுத்துரு நஸ்க் பாணியில் நன்றாக இருக்கும். அச்சுக்குப் போகுமுன் மாதிரிப் படியை மதரஸா உஸ்தாதிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு மாதத்துக்கு முன்பே ஹிஜ்ரித் தேதியை அச்சிட்டுவிடுகிறோம். பிறை தென்படுவதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். தவிர, நம் கணக்கில் மஃரிபோடு அடுத்த நாள் தொடங்கிவிடுகிறது. அஸருக்குப் பின் நிக்காஹ் என்றால் ஒரு பிறை, இஷாவுக்குப் பின் என்றால் அடுத்த பிறை. ஹிஜ்ரி மாதத்தை மட்டும் போட்டு, நாளுக்கு ஆங்கிலத் தேதியையும் கிழமையையும் தெளிவாகத் தருவது நல்லது. வெளியூர் உறவினருக்கு வழியும் சொல்லுங்கள்: நெல்லை - செங்கோட்டை ரயில் பாதையில் கல்லிடைக்குறிச்சி நிலையம் இருக்கிறது என்ற ஒரு வரி, வரைபடத்துக்கு ஒரு கியூஆர் குறி. குறி இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக இருக்கட்டும். தங்க நிறத்தில் அச்சிட்ட குறியைப் பல கைப்பேசிகள் படிக்கத் திணறும்.

செலவைப் பற்றி. பெட்டி கார்டு, வெல்வெட் கார்டு, உள்ளே பேரீச்சம்பழம், அத்தர் சீசா என்று போய்க்கொண்டிருக்கிறது. அதை விட வருத்தம் தருவது, ஒரே திருமணத்துக்கு இரண்டு தரம் கார்டு அடிப்பது. வசதியானவர்களுக்குப் பெட்டி, தெருக்காரர்களுக்கு மெல்லிய தாள், ஏழை உறவினருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம். செல்வந்தர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலிமா விருந்தே விருந்துகளில் கெட்டது என்ற எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. விருந்துக்குச் சொன்னதை அழைப்புக்கும் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம் அல்லவா? எல்லோருக்கும் ஒரே கார்டு. வளைகுடாவில் இருப்பவர்களுக்கு மட்டும் அதே வடிவம் கைப்பேசியில் போகட்டும்.

அச்சிடச் சிவகாசி பக்கம்தான். நேரில் போனால் தாளைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். திரையில் தெரியும் தங்க நிறம் அச்சில் மங்கிய மஞ்சளாகத்தான் வரும் என்பதை மறக்க வேண்டாம். பளபளப்பு வேண்டுமென்றால் தகடு ஒட்ட வேண்டும், அதற்குத் தனிச் செலவு. வைக்கோல் நிறச் சொரசொரப்பான தாளில் கருஞ்சிவப்புக் கரை மட்டும் ஓடும் கார்டுக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை.

பத்தமடை வடிவத்தை எடுப்பவர்கள் ஒரு நியாயத்தையும் செய்ய வேண்டும். நெய்த பாயைப் படம் பிடித்து கார்டில் போட்டுவிட்டு, நிக்காஹ் மேடைக்குப் பிளாஸ்டிக் பாயை வாங்கி விரிப்பது முறையாகாது. வாரக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து நெய்யும் பெண்களுக்குக் கிடைக்கும் கூலி குறைவு, அதனால்தான் இளையவர்கள் தறிப்பக்கம் வரத் தயங்குகிறார்கள். கார்டில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு கல்யாணப் பாய் வாங்குங்கள். நெசவாளர் வீட்டிலேயே அல்லது நெசவாளர் சங்கத்திலேயே நேரடியாகச் சொல்லி வையுங்கள். பட்டுப்பாய் என்றால் இரண்டு மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் கோரை காய நாளாகும், அதற்கும் இடம் விடுங்கள். பெயர்களை வாயால் சொல்லாமல் தாளில் பெரிதாக எழுதி, மணமகள் வீட்டாரிடமும் ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள். அச்சகத்தில் பிழை வந்தால் மறுபடி அடிக்கலாம், பாயில் நெய்த எழுத்தைப் பிரிக்க முடியாது.