போர்க்காலச் செய்தியும் அரசின் பரப்புரையும்: அல்லிநகர வட்டாரத்தை முன்னிறுத்திய ஓர் ஆய்வு

வரலாறு எழுதப் புகுவோர்க்குச் செய்தித்தாள் சிறந்ததொரு சான்று என்பது பலரும் ஒப்பும் கருத்தாகும். அன்றன்று நிகழ்ந்தவை அன்றன்றே அச்சேறுதலின் நினைவுப் பிழைக்கு அங்கு இடம் குறைவு. எனினும், போர்க்காலத்து வெளிவந்த இதழ்களுக்கும் இவ்விதி பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது. இரண்டாம் உலகப் போர்க் காலமாகிய 1939 முதல் 1945 வரையிலான ஆண்டுகளைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

கம்பம் பள்ளத்தாக்கின் வாயிலில் அமைந்தது அல்லிநகரம். அதனை அடுத்துச் சந்தையாக வளர்ந்த தேனியும் அதுவும் இன்று ஒரே நகராட்சியாய் விளங்குகின்றன; அன்று அவை மதுரை மாவட்டத்துப் பெரியகுளம் வட்டத்தைச் சேர்ந்திருந்தன. ஏலமும் பஞ்சும் நெல்லும் வெளியேறுதற்கு வாயிலாக, மதுரை – போடிநாயக்கனூர் இருப்புப்பாதை 1928-இல் திறக்கப்பெற்றது. போர் மூண்டபின் அப்பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன; 1950-களில்தான் மீண்டும் வண்டி ஓடிற்று. எங்கோ கடல் கடந்து நடந்த போர், இவ்வூரார் கண்முன்னே இருந்த இரும்பையே எடுத்துச் சென்றது எனலாம். மக்கள் இவ்வாறு கண்ணால் கண்டதற்கும் செய்தியாகப் படித்ததற்கும் இடையே இருந்த தொலைவே இக்கட்டுரையின் பொருளாகும்.

அரசு செய்தியை ஆண்ட முறை இருவகைப்பட்டது: ஒன்று தடுத்தல், மற்றொன்று தருதல். 1939-இல் இயற்றப்பெற்ற இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் அதன் விதிகளும் தடுத்தற்குரிய கருவிகள். போர் முயற்சிக்கு எதிர்ப்பைத் தூண்டும் எதனையும் அச்சிடலாகாது என 1940 அக்டோபர் 26-ஆம் நாள் ஆணை பிறந்தது. இதனை எதிர்த்து நாட்டின் இதழாசிரியர்கள் அவ்வாண்டு நவம்பரில் தில்லியில் கூடினர். 'இந்து' நாளிதழின் ஆசிரியர் கஸ்தூரி சீனிவாசன் தலைமையில் அகில இந்தியப் பத்திரிகாசிரியர் மாநாடு என்னும் அமைப்பு உருவாயிற்று. அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது. ஆசிரியர்கள் தாமே அடங்கி எழுதுவதாக ஒப்பினர். இருசாராரும் கலந்து பேச ஆலோசனைக் குழுக்கள் அமைந்தன. இவ்வுடன்பாடு இதழ்களைக் காத்தது என்பது உண்மை. ஆயின், தணிக்கையாளன் கையிலிருந்த கோலை ஆசிரியர் கையிலேயே தந்தது என்பதும் உண்மையே.

தருதற்குரிய கருவிகளும் பலவாயின. 1941 அக்டோபரில் செய்தி ஒலிபரப்புத் துறை தனித்துறையாயிற்று. 1939 மே 16-இல் தொடங்கிய திருச்சி வானொலி தமிழ் மாவட்டங்களுக்குப் போர்ச்செய்தி சொல்லிற்று. 1941 மே மாதத்தில் இலண்டனிலிருந்து பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பும் தொடங்கிற்று. 1942-இல் தேசியப் போர் முன்னணி என்னும் அமைப்பு, மக்களின் மனவுறுதியை வளர்த்தலே தன் நோக்கம் என்று கூறிப் புறப்பட்டது. 'பர்மா ராணி', 'மான சம்ரக்ஷணம்' ஆகிய 1945-ஆம் ஆண்டுத் திரைப்படங்களும் இப்பரப்புரையின் பயனாய் எழுந்தவையே.

இவற்றுள் ஊர்ப்புற வரலாற்றாசிரியர் சிறப்பாகக் கருதவேண்டிய ஆணை 1942 ஆகஸ்டு 8-ஆம் நாள் பிறந்ததாகும். 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தைப் பற்றியோ அதனை அடக்க அரசு கொண்ட நடவடிக்கை பற்றியோ மூன்று வழிகளில் வந்த செய்தியைத் தவிர வேறெதனையும் வெளியிடலாகாது என அது விதித்தது. அவை அரசு தந்த செய்தி, குறிப்பிட்ட செய்தி நிறுவனங்கள் தந்த செய்தி, மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் பெயர் பதிந்துகொண்ட நிருபர் தந்த செய்தி என்பன. மாவட்ட ஆட்சித் தலைவரே மாவட்ட மாஜிஸ்திரேட்டும் ஆவார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. எனவே பெரியகுளம் வட்டத்தில் நிகழ்ந்ததொன்றை எழுத விரும்பும் நிருபர், அந்நிகழ்ச்சியை அடக்கும் அதிகாரியின் ஏட்டிலேயே தம் பெயரைப் பதிதல் வேண்டும். இந்நிலையில் நிருபர் பொய் எழுதத் தேவையில்லை. எழுதாது விடுதலே போதும்.

இதனை ஏற்க மறுத்தோரும் உண்டு. 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' அந்த ஆகஸ்டிலேயே தன் வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. கட்டுப்பாடுகள் கடுமையாகவே, 1943 சனவரி 6-ஆம் நாள் நாட்டின் இதழ்கள் பல ஒருநாள் வெளிவராது நின்றன. அந்நாளைய இதழ் கிடைக்காமையே ஆய்வாளனுக்கு ஒரு சான்றாம்.

பரப்புரை வென்றதா? இரங்கூன் 1942 மார்ச்சில் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. அதனையே பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூர், மலைக்கு அப்பால் உணவின்றி வாடிற்று. பெரியாற்று நீரால் நெல் விளையும் இப்பள்ளத்தாக்கில் விலையேற்றமே உண்மைப் போர்ச்செய்தியாயிற்று. ஏப்பிரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தபின், சென்னையிலிருந்து மக்கள் திரள் திரளாக உள்நாட்டு ஊர்களுக்கு வந்தனர். அவர் வாய்மொழி அரசின் அறிக்கையினும் வலிமை பெற்றிருக்கும் என்று கருதுவதில் தவறில்லை. சுபாசு சந்திரபோசின் ஆசாத் இந்து வானொலியையும் மக்கள் மறைவாகக் கேட்டனர். அரசின் செய்தி நம்பிக்கை இழக்கும் இடத்தில் வதந்தி நம்பிக்கை பெறுகின்றது.

தமிழ்மொழியும் இதற்குச் சான்று பகர்கின்றது. வான்படைக்கு அஞ்சி விளக்கை மறைத்தலைக் குறித்த 'இருட்டடிப்பு' என்னும் சொல், இன்று செய்தியை மறைத்தலையும் குறிக்கின்றது. 'ஐந்தாம்படை' என்பது இசுபானிய உள்நாட்டுப் போரில் தோன்றிய வழக்கின் தமிழாக்கம். உள்ளிருந்து காட்டிக்கொடுப்போர் அனைவரையும் குறிக்கும் வசைச்சொல்லாக அது நிலைத்துவிட்டது. போர் ஓய்ந்தபின்னும் சொற்கள் ஓயவில்லை.

ஆதலின் அக்காலத்து இதழ்களைச் சான்றாகக் கொள்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இச்செய்தி யார் வழி வந்தது? இதனை எழுதியவர் யாருக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்? இப்பக்கத்தில் இருக்கவேண்டியதாய் இருந்து இல்லாதது யாது? ஓர் ஊரின் பெயர் 1942-ஆம் ஆண்டு இதழ்களில் காணப்படாமை கொண்டு, அவ்வூர் அமைதியாய் இருந்தது என முடிவு கட்டுதல் பெரும் பிழையாகும். ஆணையின் வெற்றியை ஊரின் இயல்பாக எழுதிவிடும் பிழை அது. ஆட்சியர் கோப்புகள், நீதிமன்றப் பதிவுகள், இருப்புப்பாதை ஆவணங்கள், முதியோர் வாய்மொழி ஆகியவற்றொடு ஒப்பிட்டு நோக்கிய பின்னரே இதழின் மௌனம் பொருள் தரும். அவ்வொப்பீட்டைக் கம்பம் பள்ளத்தாக்கின் ஒவ்வோர் ஊருக்கும் செய்தல் இளம் ஆய்வாளர் கடமையாகும். அன்று நிகழ்ந்தவற்றைக் கண்ட முதியோர் அருகி வருதலின், அப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று.