கலப்புச் சண்டை: முன்னோடிகளும் முதல்வர்களும்

குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜுடோ, ஜியு-ஜிட்சு, கராத்தே, முவே தாய் ஆகிய கலைகளின் அடி, உதை, பிடி, பூட்டு அனைத்துக்கும் ஒரே களத்தில் இடம் தரும் போட்டி விளையாட்டு கலப்புச் சண்டை. எம்.எம்.ஏ. என்றும் வழங்கும். 1993இல் அமெரிக்காவில் தொடங்கிய யூ.எஃப்.சி. போட்டிகளே இன்றைய வடிவத்துக்கு ஊற்று. இதில் ஆகப் பெரிய வீரர் யார் என்ற வாதம் அந்த முதல் இரவிலேயே பிறந்துவிட்டது. எந்தக் கலை உயர்ந்தது என்று தீர்த்துக்கொள்ளத்தான் அந்தப் போட்டியே நடந்தது. வெற்றிகளின் எண்ணிக்கை, பட்டத்தைக் காத்த தடவைகள், வீழ்த்திய எதிராளிகளின் தரம் என அளவுகோல்கள் பல உண்டு. ஆனால் விதியும் எடைப்பிரிவும் மாறிக்கொண்டே வந்த விளையாட்டில் எண்களை மட்டும் நம்பினால் முன்னோடிகள் எல்லோரும் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடுவார்கள். ஒருவர் ஆடிவிட்டுப் போன பிறகு மற்றவர்கள் புதிதாக எதைக் கற்க வேண்டியதாயிற்று என்று பார்ப்பதே நியாயமான அளவு. இக்கட்டுரை அந்த வழியில் செல்கிறது.

வேர்கள்

கிரேக்கர்களின் ‘பாங்கிராத்தியோன்’ கி.மு. 648இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் மட்டுமே அதில் விலக்கு. கி.மு. 564இல் அர்ரிக்கியோன் என்ற வீரர் கழுத்து நெரிபட்ட நிலையில் எதிராளியின் கால்விரலை முறித்தார். வலி தாளாமல் எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்ட அதே நொடியில் அர்ரிக்கியோனின் உயிர் பிரிந்தது. வெற்றி மாலையைச் சடலத்துக்குச் சூட்டினார்கள் என்று கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் எழுதிவைத்திருக்கிறார்.

இன்றைய விளையாட்டின் நேர் வழி ஜப்பானில் தொடங்குகிறது. டோக்கியோவின் கோடோகன் பள்ளியில் ஜுடோ பயின்ற மிட்சுயோ மயேதா, ஊர் ஊராகச் சென்று சவால் ஆட்டங்கள் ஆடியவர். 1914இல் பிரேசிலை அடைந்து, பிறகு பெலெம் நகரில் தங்கினார். அவரிடம் பயின்ற கார்லோஸ் கிரேசி 1925இல் ரியோ டி ஜெனிரோவில் பள்ளி தொடங்கினார். கார்லோஸின் தம்பி எலியோ ஒல்லியானவர். பலத்தால் செய்யும் நுட்பங்களை நெம்புகோலின் வேலையாக அவர் மாற்றிக்கொண்டார். மல்லாந்து கிடப்பவன் தோற்றவன் என்பதுதான் ஏறக்குறைய எல்லாச் சண்டை மரபுகளின் நம்பிக்கை. கீழே கிடந்தபடியே கால்களால் எதிராளியைக் கட்டிப்போட்டு வெல்லலாம் என்பதை ஒரு கலையாகவே வளர்த்தது இந்தக் குடும்பம்.

1951 அக்டோபர் 23 அன்று மரக்கானா அரங்கில் எலியோ, ஜப்பானின் ஜுடோ மேதை மசாஹிகோ கிமுராவை எதிர்கொண்டார். உடல் எடையில் கிமுரா வெகுவாக மிஞ்சியவர். எலியோவின் மணிக்கட்டை ஒரு கையால் பற்றி, மறுகையை அவருடைய மேற்கைக்கு அடியில் நுழைத்துத் தன் மணிக்கட்டையே கோத்துக்கொண்டு, மடங்கிய கையை முதுகுப் பக்கமாகத் திருகினார். எலும்பு முறிந்தும் எலியோ தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகத் தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் ஆட்டத்தை நிறுத்தினார். தங்களைத் தோற்கடித்த அந்தப் பூட்டுக்கு ‘கிமுரா’ என்றே பெயரிட்டுத் தங்கள் பள்ளியில் கற்பித்தார்கள் கிரேசி குடும்பத்தார். விளையாட்டு வரலாற்றில் தோல்விக்கு இதைவிடக் கண்ணியமான மரியாதை அரிது. அந்தப் பூட்டு இக்கட்டுரையில் மறுபடியும் வரும்.

ஜப்பானிலும் தனி முயற்சிகள் நடந்தன. 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் முகமது அலியும் மல்லர் அன்டோனியோ இனோக்கியும் மோதினார்கள். 15 சுற்றுகளில் பெரும்பகுதியை இனோக்கி தரையில் படுத்து அலியின் கால்களை உதைத்தே கழித்தார், ஆட்டம் சமன். ‘டைகர் மாஸ்க்’ வேடத்தில் புகழ்பெற்ற மல்லர் சடோரு சயாமா 1985இல் ‘ஷூட்டோ’ என்ற கலப்புச் சண்டை அமைப்பைத் தொடங்கினார். யூ.எஃப்.சி.க்கு எட்டு ஆண்டுகள் முந்தியது இது என்பதை அமெரிக்கக் கணக்குகள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. புரூஸ் லீயையும் பலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். ‘என்டர் தி டிராகன்’ படத்தின் தொடக்கச் சண்டையில் அவர் விரல் திறந்த கையுறை அணிந்து, கைப்பூட்டில் ஆட்டத்தை முடிக்கிறார். ஆயினும் இத்தகைய போட்டிக் களத்தில் அவர் இறங்கியதில்லை. எந்தக் கலையிலிருந்தும் பயனுள்ளதை எடுத்துக்கொள்ளலாம் என்ற சிந்தனைக்கு அவரை முன்னோடி எனலாம். வீரர் பட்டியலில் வைப்பது பொருந்தாது.

டென்வர், 1993

1993 நவம்பர் 12 அன்று கொலராடோவின் டென்வர் நகரில் முதல் யூ.எஃப்.சி. நடந்தது. எட்டு வீரர்கள், எடைப்பிரிவு இல்லை, சுற்று இல்லை, நடுவர் மதிப்பெண் இல்லை. வென்றவருக்கு 50,000 டாலர். ஆர்ட் டேவியுடன் சேர்ந்து இதை உருவாக்கியவர் எலியோவின் மகன் ரோரியன் கிரேசி. குடும்பத்தின் பலசாலி ரிக்சன்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரோரியன் தேர்ந்தெடுத்தது சுமார் 80 கிலோ எடை கொண்ட, பார்வைக்குச் சாதுவான தம்பி ராய்ஸை. கட்டுமஸ்தானவர் வென்றால் உடம்பு வென்றது என்பார்கள். ஒல்லியானவர் வென்றால்தான் கலை வென்றதாகும்.

முதல் ஆட்டமே பார்வையாளர்களை உறைய வைத்தது. கம்பிவலையோரம் விழுந்துகிடந்த சுமோ வீரர் டெய்லா டூலியின் வாயில் ஹாலந்தின் ஜெரார்ட் கோர்தோ உதைத்தார். பல் பறந்தது, பல் துண்டுகள் கோர்தோவின் பாதத்திலும் பதிந்துகொண்டன. அந்தக் காலோடுதான் அவர் அன்றிரவு இறுதி ஆட்டம் வரை வந்தார். இன்னொரு பக்கம் குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரே ஒரு கையுறையுடன் களமிறங்கினார். ராய்ஸ் அவரைத் தரையில் சாய்த்து மேலே ஏறி அமர்ந்ததும், என்ன செய்வதென்று அறியாமல் தட்டிவிட்டார். அடுத்து கென் ஷாம்ராக், இறுதியில் கோர்தோ. மூன்று ஆட்டங்களும் சேர்ந்து சுமார் ஐந்து நிமிடங்கள்தான்.

ராய்ஸ் இரண்டாவது, நான்காவது போட்டிகளையும் வென்றார். 1994 டிசம்பரில் துல்சாவில் நடந்த நான்காவதின் இறுதி ஆட்டத்தில், ஏறக்குறைய 118 கிலோ எடையுள்ள மல்லர் டான் செவர்ன் கால் மணி நேரத்துக்கும் மேலாக அவர்மேல் அழுத்திக் கிடந்தார். ஒளிபரப்புக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து பல வீடுகளில் திரை இருண்டுவிட்டது. ஆகவே, கீழே கிடந்த ராய்ஸ் தன் கால்களை முக்கோணமாகப் பின்னி செவர்னின் கழுத்தை நெரித்து வென்றதை அவர்கள் காணவில்லை. பின்னாளில் அவரைவிடத் திறமையான நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். அவர்கள் அனைவரும் தரைச் சண்டையைக் கற்றுக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயத்தை உண்டாக்கியவர் ராய்ஸ். முன்னோடி என்ற சொல்லுக்கு இவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. 2003இல் யூ.எஃப்.சி. புகழரங்கம் தொடங்கியபோது முதலில் இடம்பெற்ற இருவர் இவரும் கென் ஷாம்ராக்கும்.

தடையும் விதிகளும்

அரிசோனா செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை ‘மனிதச் சேவல் சண்டை’ என்று சாடி, மாநில ஆளுநர்களுக்கு எழுதினார். பல மாநிலங்கள் தடை விதித்தன. கேபிள் நிறுவனங்களும் கைவிட்டன. விளையாட்டைக் காப்பாற்றியது விதிகள்தான். 1997இல் எடைப்பிரிவும் கட்டாயக் கையுறையும் வந்தன. நியூ ஜெர்சி மாநிலத்தில் உருப்பெற்ற ஒருங்கிணைந்த விதிகளின்படி 2000 நவம்பர் 17 அன்று யூ.எஃப்.சி. 28 என்ற போட்டி நடந்தது. அந்த நாளுக்கு முன் தொழில்முறையில் இறங்கியவர்களையே யூ.எஃப்.சி. புகழரங்கம் ‘முன்னோடிகள்’ பிரிவில் சேர்க்கிறது. 2001 ஜனவரியில் ஃபெர்டிட்டா சகோதரர்கள் 20 லட்சம் டாலருக்கு வாங்கிய நிறுவனம், 2016இல் ஏறத்தாழ 400 கோடி டாலருக்குக் கைமாறியது.

அந்த இருண்ட ஆண்டுகளில்தான் கலை வேகமாக வளர்ந்தது. மல்லர் மார்க் கோல்மன் எதிராளியைச் சாய்த்து மேலிருந்து குத்தும் முறையைக் கொண்டுவந்தபோது ஜியு-ஜிட்சுவின் ஆதிக்கம் தளர்ந்தது. 1997 ஜூலையில் உதைச்சண்டை வீரர் மாரிஸ் ஸ்மித், கோல்மனின் பிடிகளுக்கு ஈடுகொடுத்து, அவர் மூச்சுத் திணறிய பிறகு அடித்து, 21 நிமிட ஆட்டத்தின் முடிவில் நடுவர் தீர்ப்பில் வென்றார். ஸ்மித்தோடு பயிற்சி செய்த ஃபிராங்க் ஷாம்ராக், அடி, பிடி, பூட்டு மூன்றையும் மூச்சுத்திறனையும் ஒருசேரக் கொண்டுவந்த முதல் முழுமையான வீரர். இன்றைய பட்டியல்களில் அவர் பெயர் விட்டுப்போவது பெரும் குறை.

டோக்கியோவின் காலம்

1997 முதல் பத்தாண்டுகள் விளையாட்டின் தலைநகரம் ஜப்பான். காரணம் ‘பிரைடு’ போட்டிகள். அதன் நாயகன் கஸுஷி சகுராபா. தொழில்முறை மல்யுத்த மேடையிலிருந்து வந்தவர். 1999 நவம்பரில் எலியோவின் மகன் ராய்லரைக் கிமுராப் பூட்டில் மாட்டினார். ராய்லர் தட்டவில்லை, நடுவர் நிறுத்தினார். 48 ஆண்டுகளுக்கு முன் தந்தை மாட்டிக்கொண்ட அதே பூட்டு. 2000 மே 1 அன்று டோக்கியோ டோமில் சகுராபா ராய்ஸுடன் மோதினார். நேர வரம்பு கூடாது என்று கிரேசி தரப்பு கேட்டிருந்தது. 15 நிமிடச் சுற்றுகள் ஆறு, மொத்தம் 90 நிமிடம் ஆடிய பிறகு ராய்ஸின் தரப்பு தோல்வியை ஏற்றுத் துண்டை வீசியது. அதே இரவில் சகுராபா, தன்னைவிடக் கனத்த இகோர் வோவ்சான்சினோடு மேலும் 15 நிமிடம் ஆடினார். அந்த ஆகஸ்டில் கார்லோஸின் பேரன் ரென்சோவும் அதே பூட்டில் முழங்கை நழுவித் தோற்றார். தோல்விகளையும் சேர்த்து எண்ணினால் சகுராபாவின் கணக்கு சுமார்தான். அந்த 90 நிமிடங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

ரஷ்யாவின் ஃபியோதர் எமிலியானென்கோ பார்வைக்குப் பக்கத்து ஊர்க் கடைக்காரர் போல இருப்பார்; வென்றாலும் முகம் மாறாது. 2000 டிசம்பரில் ஒரு வெட்டுக்காயத்தால் நிறுத்தப்பட்ட ஆட்டம் போக, 2010 ஜூன் வரை அவரை ஒருவரும் வெல்லவில்லை, அதுவும் கனரகப் பிரிவில். 2004 ஜூனில் கெவின் ரேண்டில்மன் அவரைப் பின்னாலிருந்து தூக்கித் தலைகீழாகத் தரையில் அறைந்தார். கழுத்து முறிந்திருக்கும் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஆட்டம் தொடங்கி 93ஆவது நொடியில் ரேண்டில்மன் தட்டினார்; ஃபியோதர் போட்டிருந்தது கிமுராப் பூட்டு. யூ.எஃப்.சி.யில் ஒருமுறைகூட ஆடாததைச் சொல்லி அவரைத் தள்ளிவைப்பவர்கள் உண்டு. அவர் உச்சத்தில் இருந்தபோது வலிமையான கனரக வீரர்களில் பலர் ஜப்பானில்தான் இருந்தார்கள் என்பதால் அந்த வாதம் நிற்காது.

யூ.எஃப்.சி. காலம்

பிரேசிலின் ஆண்டர்சன் சில்வா 2006 அக்டோபர் முதல் 2013 ஜூலை வரை நடுரகப் பட்டத்தை வைத்திருந்தார். தொடர்ந்து 16 வெற்றிகள். 2010 ஆகஸ்டில் சேல் சோனன் நான்கு சுற்றுகள் முழுக்க அவரைத் தரையில் அழுத்திக் குத்தினார். ஐந்தாம் சுற்றில், கீழே கிடந்த சில்வா கால்களை முக்கோணமாகப் பின்னி வென்றார். துல்சாவில் ராய்ஸ் செய்ததன் எதிரொலி அது. பிற்காலத்தில் ஊக்கமருந்துச் சோதனையில் தவறியது அவர் பெயரில் படிந்த கறை.

கனடாவின் ஜார்ஜஸ் செயிண்ட்-பியருக்கு அத்தகைய கறை இல்லை. பள்ளி நாட்களில் மற்ற பையன்களிடம் அடிவாங்கிக் கராத்தேக்குச் சென்றவர். பள்ளி மல்யுத்தம் ஆடி வளராதவர், மல்யுத்தத்தில் வளர்ந்தவர்களையே தரையில் சாய்த்தார். 2007 ஏப்ரலில் யாரும் வாய்ப்பே தராத மேட் செராவிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தார். மறு ஆண்டு அவரையே வென்று, பட்டத்தை ஒன்பது முறை தொடர்ந்து காத்தார். நான்கு ஆண்டு ஓய்வுக்குப் பின் 2017 நவம்பரில் மேல் எடைப்பிரிவின் பட்டத்தையும் வென்றார். மொத்தம் 26 வெற்றி, 2 தோல்வி. தோற்கடித்த இருவரையும் பின்னர் வென்றிருக்கிறார். ஆகப் பெரியவர் என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லச் சொன்னால் இக்கட்டுரையாளர் சொல்வது இவர் பெயரைத்தான்.

நுட்பத்தில் அவரையும் மிஞ்சியவர் 57 கிலோ பிரிவின் டிமிட்ரியஸ் ஜான்சன். 2017 அக்டோபரில் ரே போர்க்கைப் பின்னாலிருந்து தூக்கி எறிந்து, அவர் தரையைத் தொடும் முன்பே கையைப் பற்றிப் பூட்டில் முடித்தார். அது அவர் பட்டத்தைக் காத்த 11ஆவது முறை. தொடர்ச்சியாகக் காத்ததில் யூ.எஃப்.சி. சாதனை. சிற்றுடல்காரர் என்பதால் கூட்டம் திரளவில்லை. எடை குறைந்தவனின் கலையாகத் தொடங்கிய விளையாட்டில் அவருக்கு நேர்ந்த இந்தப் புறக்கணிப்பு வருத்தத்துக்குரியது.

பெண்கள் யூ.எஃப்.சி.யில் ஆடவே மாட்டார்கள் என்று 2011இல் அதன் தலைவர் டேனா வைட் சொன்னார். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜுடோ வெண்கலம் வென்ற ரோண்டா ரௌசி 2013 பிப்ரவரி 23 அன்று யூ.எஃப்.சி. களத்தில் இறங்கி அந்தச் சொல்லைப் பொய்யாக்கினார். கதவைத் திறந்தவர் ரௌசி. உள்ளே வந்து அரியணை ஏறியவர் பிரேசிலின் அமாண்டா நூனெஸ். ரௌசியை 48 நொடிகளிலும், அதுவரை யாரும் அணுக அஞ்சிய கிரிஸ் சைபோர்க்கை 51 நொடிகளிலும் வீழ்த்தி, ஒரே நேரத்தில் இரு பட்டங்களை வைத்திருந்த முதல் பெண் ஆனார்.

தாகெஸ்தானின் கபீப் நுர்மகோமெதோவ், தந்தை அப்துல்மனாப் இறந்த சில மாதங்களில், 2020 அக்டோபர் 24 அன்று ஜஸ்டின் கேத்ஜியை வென்ற கையோடு கையுறைகளைக் கழற்றிக் களத்தின் நடுவில் வைத்தார். தந்தை இல்லாமல் ஆடமாட்டேன் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார். 29 ஆட்டங்கள், 29 வெற்றிகள். பட்டம் காத்த தடவைகள் மூன்றே என்பதால் செயிண்ட்-பியருக்கு ஒரு படி கீழேதான் வைக்க முடிகிறது.

ஜான் ஜோன்ஸை எங்கே வைப்பது என்பதுதான் கடினம். 2011 மார்ச்சில் 23 வயதில் யூ.எஃப்.சி.யில் மிக இளம் வயதில் பட்டம் வென்றவர் ஆனார். 2023இல் கனரகப் பட்டத்தையும் வென்றார். களத்தில் எவரும் அவரை உண்மையில் தோற்கடித்ததில்லை. ஆனால் ஊக்கமருந்துத் தண்டனையும் களத்துக்கு வெளியே நடந்த குற்றமும் பட்டங்களைப் பறிக்க வைத்தன. மருந்தின் துணையோடு பெற்ற வெற்றி எது, அது இல்லாமல் பெற்றது எது என்று பிரித்தறிய வழியில்லாதபோது முதலிடத்தை அவருக்குத் தர மனம் ஒப்பவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு நேர்ந்தது அநீதி. 2009 டிசம்பரில் மேட் ஹாமிலை வெற்றியின் விளிம்பு வரை அடித்து நொறுக்கியவர், முழங்கையை மேலிருந்து செங்குத்தாகக் கீழ்நோக்கி இறக்கியதால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். 2024 நவம்பரில் அந்த விதி நீக்கப்பட்டு, அந்த அடி இப்போது முறையானதாகிவிட்டது. ஆயினும் அவர் கணக்கில் உள்ள ஒரே தோல்வியாக ஹாமில் ஆட்டம் அப்படியே இருக்கிறது.