‘ஃபுல் கவர்’: ஒரு சொல்லும் இரண்டு காப்பீடுகளும்

2023 அக்டோபர் 14 இரவு பெய்த பெருமழையில் திருவனந்தபுரத்தின் ஆமையிழஞ்சான் தோடு கரைபுரண்டது. கௌரீசபட்டம், கண்ணம்மூலை, கழக்கூட்டம் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளம் கேரளத்தின் பெரும்பகுதியையே பாதித்தது. இத்தகைய வெள்ளம் வடிந்தபின் கார் உரிமையாளர்கள் எழுப்பும் கேள்வி ஒன்றே: ‘ஃபுல் கவர்’ இருந்தும் இழப்பீடு ஏன் குறைகிறது? அதற்கான விடை காப்பீட்டின் வரலாற்றில் இருக்கிறது.

வாகனக் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய சட்டங்கள் காரைக் காப்பதற்காகப் பிறந்தவை அல்ல. சாலையில் அடிபடும் அயலாரைக் காப்பதற்காகப் பிறந்தவை. பிரிட்டன் 1930இல் அதற்குச் சட்டம் இயற்றியது. இந்தியாவின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் காப்பீடு குறித்த எட்டாம் அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானிய இந்தியாவுக்கென எழுதப்பட்ட அச்சட்டம், திருவிதாங்கூர் இந்திய ஒன்றியத்தில் இணைந்த பின்னரே திருவனந்தபுரத்தை எட்டியது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146, 147ஆம் பிரிவுகளும் மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே கட்டாயமாக்குகின்றன. சொந்த வாகனத்தின் சேதத்திற்கான காப்பீடு உரிமையாளர் விரும்பிச் செய்துகொள்ளும் ஒப்பந்தம். சட்டம் பெற்ற ஒன்றையும் ஒப்பந்தம் பெற்ற ஒன்றையும் சேர்த்துக் கட்டிய பொதிக்கே ‘காம்ப்ரிஹென்சிவ்’ என்ற பெயர் வழங்கலாயிற்று.

2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகள் அப்பொதியை ‘பேக்கேஜ் பாலிசி’ என்றே குறித்தன. பொதி என்ற சொல், உள்ளே இருப்பவற்றுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை உணர்த்துகிறது. தீ, திருட்டு, கலவரம், வெள்ளம், நிலச்சரிவு, விபத்து ஆகியவை அதனுள் அடங்கும். தேய்மானம், இயந்திர, மின் பழுதுகள், மதுபோதையில் ஓட்டியதால் நேர்ந்த சேதம், தொடர்விளைவு இழப்பு ஆகியவை அடங்கா. மாற்றப்படும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் 50 விழுக்காடு கழிக்கப்படும், ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 விழுக்காடு, கண்ணாடிக்குக் கழிவில்லை.

வெள்ளச் சேதத்தில் வழக்கு மூள்வது ‘தொடர்விளைவு’ என்ற சொல்லின் மேல்தான். நீர் புகுந்து இருக்கைகளும் மின்கம்பிகளும் கெட்டால் அது வெள்ளத்தின் நேர்விளைவு. நீரில் நிற்கும் காரை உரிமையாளர் ஸ்டார்ட் செய்தால் நீர் சிலிண்டருக்குள் இழுக்கப்படுகிறது. அழுத்தத்திற்கு உட்படாத நீர் பிஸ்டனைத் தடுக்க, கனெக்டிங் ராடு வளைகிறது. அது வெள்ளத்தால் நேர்ந்ததன்று, ஸ்டார்ட் செய்ததால் நேர்ந்தது என்பது காப்பீட்டு நிறுவனங்களின் வாதம். எஞ்சின் பாதுகாப்புக்கென ஒரு துணைக் காப்பீடு தனியே விற்கப்படுவதன் காரணம் இதுவே. மூழ்கிய காரைத் தொடாமல் இழுவை வண்டிக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்ற அறிவுரையும் இதிலிருந்தே வந்தது.

காருக்குள் இருப்போரின் நிலையும் நெடுங்காலம் குழப்பமாகவே இருந்தது. பேக்கேஜ் பாலிசி காரில் பயணிப்போரையும் உள்ளடக்கும் என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2009 நவம்பர் 16 அன்று சுற்றறிக்கை விடுத்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சட்டம் கோரும் அளவுக்கு மட்டும் எடுக்கப்படும் பாலிசியில் அப்பயணிகளுக்கு இடமில்லை. அத்தகைய வழக்கொன்றில்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில், புதிய வாகனங்களுக்கு ஐந்தாண்டு ‘பம்பர் டு பம்பர்’ காப்பீட்டைக் கட்டாயமாக்கி ஆணையிட்டது. காப்பீட்டுத் துறையிலோ அச்சொல், பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத துணைக் காப்பீட்டைக் குறிப்பது. பயணிகளின் உயிரோடு அதற்குத் தொடர்பில்லை. மறுமாதமே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

2007இல் சொந்தச் சேதக் காப்பீட்டின் கட்டணம் சந்தைக்கு விடப்பட்டது. மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தை நிறுவனங்கள் விரும்பியபடி வைக்க முடியாது. பேச்சில் ‘ஃபுல் கவர்’ என ஒன்றானவை, பாலிசியின் கட்டண அட்டவணையில் இன்றும் ‘ஓன் டேமேஜ்’, ‘லயபிலிட்டி’ என இரண்டு நிரல்களாகவே அச்சாகின்றன.