கையெழுத்து போட்டது யாரு?

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பரீட்சைக்கு நாங்க எல்லாரும் உருப்போட்ட கேள்வி ஒண்ணு உண்டு. "இரண்டாம் உலகப் போருக்கான காரணங்கள் யாவை?" முதல் பாயின்ட்டைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை. ஜெர்மனியை ரொம்பக் கொடுமைப்படுத்தினாங்க, அந்தக் கோபத்துல ஹிட்லர் வந்தான், சண்டை வந்தது. அவ்வளவுதான், மார்க் விழுந்துடும். அதுக்கப்புறம் இஞ்சினியரிங், வேலை, டெட்லைன்னு ஓடினதுல அதைப் பத்தி மறுபடி யோசிக்கவே இல்ல.

போன மாசம் ஏதோ தேடப்போக ஒரு ஓவியம் கண்ணுல பட்டது. வில்லியம் ஆர்ப்பன் வரைஞ்சது. 1919 ஜூன் 28, வெர்செய்ல்ஸ் அரண்மனையோட கண்ணாடி மண்டபத்துல உடன்படிக்கை கையெழுத்தாகுற காட்சி. நடுவுல வில்சன், கிளெமான்சோ, லாய்ட் ஜார்ஜ்னு பெரிய தலைகள் எல்லாம் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்காங்க. நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒருத்தர் குனிஞ்சு கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கார். அவர் மேல சாய்ஞ்ச மாதிரி இன்னொருத்தர்.

யார் இவங்க? கெய்சர் இல்ல, ஹிண்டன்பர்க் இல்ல, லூடன்டார்ஃப் இல்ல. கையெழுத்துப் போடுறவர் பேரு யோஹானஸ் பெல். பக்கத்துல இருக்கறவர் ஹெர்மன் முல்லர். சத்தியமா இந்த ரெண்டு பேரையும் நான் கேள்விப்பட்டதே இல்ல. நாலு வருஷம் சண்டையை நடத்தினவங்க எங்கய்யா போனாங்கன்னு தேட ஆரம்பிச்சு, ரெண்டு வாரத் தூக்கம் போச்சு. அதுல புரிஞ்சதைத்தான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க :-)

முதல்ல, உடன்படிக்கைல அப்படி என்னதான் இருந்தது? மொத்தம் 440 பிரிவுகள். ஜெர்மனி ஐரோப்பால தன் நிலத்துல சுமார் 13 சதவீதத்தையும், மக்கள்ல சுமார் 10 சதவீதத்தையும் இழந்தது. காலனிகள் மொத்தமும் போச்சு. ராணுவம் 1,00,000 பேருக்கு மேல கூடாது. விமானப்படை, நீர்மூழ்கி, டாங்கி எதுவும் கூடாது. 231-வது பிரிவு, போரால வந்த நஷ்டத்துக்கெல்லாம் ஜெர்மனியும் அதோட கூட்டாளிகளும்தான் பொறுப்புன்னு சொன்னது. 1921-ல நஷ்டஈட்டுக்கு ஒரு தொகையும் போட்டாங்க. 132 பில்லியன் தங்க மார்க்.

கடுமைதான், மறுக்கல. ஆனா இந்த மாதிரி சமாதானம் அப்போ புதுசு ஒண்ணும் இல்ல. 1871-ல பிரான்ஸைத் தோற்கடிச்ச ஜெர்மனி அல்சாஸ்-லொரைனைப் பிடுங்கிக்கிட்டு, 5 பில்லியன் ஃப்ராங்க் நஷ்டஈடும் கேட்டது. பணம் வர்ற வரைக்கும் படையை பிரான்ஸ்லயே நிறுத்தி வெச்சது. ஜெர்மன் பேரரசைப் பிரகடனம் பண்ணினதும் இதே கண்ணாடி மண்டபத்துலதான். 1918 மார்ச்ல ரஷ்யாவோட பிரெஸ்ட்-லிடோவ்ஸ்க்ல போட்ட ஒப்பந்தத்துல ரஷ்யப் பேரரசோட மக்கள்தொகைல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கை அதோட பிடியிலிருந்து பிரிச்சது. ஜெயிச்சிருந்தா ஜெர்மனி எப்படி நடந்திருக்கும்ங்கறதுக்கு அதுவே சாம்பிள். அந்த 132 பில்லியன்லயும் 82 பில்லியன் "சி" பாண்டுகள், கிட்டத்தட்ட கண்துடைப்பு. நிஜமா எதிர்பார்த்தது 50 பில்லியன்தான்.

இன்னொரு கணக்கும் இடிக்குது. உடன்படிக்கை முடிஞ்சு ஒன்பது வருஷம் கழிச்சு, 1928 மே தேர்தல்ல நாஜிக் கட்சி வாங்கின ஓட்டு வெறும் 2.6 சதவீதம். கடுமைதான் ஹிட்லரைக் கொண்டுவந்ததுன்னா அந்தக் கோபம் ஒன்பது வருஷம் எங்க தூங்கிக்கிட்டிருந்தது?

இதுக்குப் பதில் அந்தக் கையெழுத்துல இருக்கு. 1918 செப்டம்பருக்குப் போவோம்.

ஜெர்மனியை அப்போ நிஜத்துல ஆண்டது ராணுவத் தலைமை. பேருக்கு ஹிண்டன்பர்க், மூளைக்கு லூடன்டார்ஃப். செப்டம்பர் 29-ம் தேதி லூடன்டார்ஃப் கையை விரிச்சுட்டார். இனிமே தாக்குப்பிடிக்க முடியாது, உடனே போர்நிறுத்தம் கேளுங்கன்னுட்டார். அதோட இன்னொரு யோசனையும் சொன்னார். நாடாளுமன்றக் கட்சிகள்கிட்ட ஆட்சியைக் கொடுங்க, அவங்க போய்ப் பேசட்டும். ரெண்டு நாள் கழிச்சு தன் அதிகாரிகள்கிட்ட அவர் பேசினதோட சாரம் இதுதான்: இந்தக் குழம்பை வெச்சவங்க அவங்கதான், அவங்களே குடிக்கட்டும். குழம்பை வெச்சது யார்னு உங்களுக்கே தெரியும்.

அந்தப் பக்கம் வில்சனும் தெரியாமலே இதுக்கு உதவி பண்ணிட்டார். ராணுவத் தலைவர்களோடயும் மன்னரோடயும் பேசணும்னா சரணாகதிதான், மக்கள் பிரதிநிதிகளோடதான் சமாதானம் பேசுவோம்னு அக்டோபர்ல எழுதினார். நல்ல எண்ணம்தான். ஆனா தோத்தவங்க பின்வாசல் வழியா வெளியேற அது வசதியாப் போச்சு.

நவம்பர் 11-ம் தேதி காம்ப்பியேன் காட்டுல, ஒரு ரயில் பெட்டிக்குள்ள போர்நிறுத்தத்துல கையெழுத்துப் போட்ட ஜெர்மன் குழுவுக்குத் தலைவர் யாரு? வழக்கமா ஒரு தளபதிதான் போகணும். போனது மத்தியக் கட்சியைச் சேர்ந்த மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர்ங்கற அரசியல்வாதி. லூடன்டார்ஃப் மாறுவேஷத்துல ஸ்வீடனுக்குக் கிளம்பிட்டார். கெய்சர் ஹாலந்துல.

1919 ஜூன்ல உடன்படிக்கையோட இறுதி வடிவம் வந்தப்போ, கையெழுத்துப் போடுற கை விளங்காமப் போகும்னு முன்னமே பேசியிருந்த பிரதமர் ஷைடமான் ராஜினாமா பண்ணினார். ஜூன் 22-ம் தேதி வைமார்ல கூடின தேசிய சபை, சில நிபந்தனைகளோட கையெழுத்துப் போடலாம்னு 237-க்கு 138-னு ஓட்டுப் போட்டது. நேச நாடுகள் ஒரு நிபந்தனையும் கூடாதுன்னுட்டாங்க. மறுநாள் சாயங்காலம் 7 மணி கெடு. இல்லேன்னா படை உள்ள வரும்.

ஜனாதிபதி ஏபர்ட் ராணுவத் தலைமையகத்துக்கு ஃபோன் போட்டார். எதிர்த்து நிக்க வாய்ப்பு இருக்கா இல்லையா? ஹிண்டன்பர்க்குக்குப் பதில் தெரியும். இல்லன்னு. ஆனா அதைச் சொல்லும்போது அவர் ரூம்ல இல்ல. பதிலை நீங்களே சொல்லிடுங்கன்னு ஜெனரல் க்ரோனர்கிட்ட விட்டுட்டு வெளியே போயிட்டார். க்ரோனர்தான் ஃபோன்ல சொன்னார். அஞ்சு நாள் கழிச்சு பெல்லும் முல்லரும் கண்ணாடி மண்டபத்துல கையெழுத்துப் போட்டாங்க.

இந்த இடத்துல என் கதை ஒண்ணு. சைஸ்ல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், தெரியும். இருந்தாலும் சொல்றேன். வேலைல சேர்ந்த ரெண்டாவது வருஷம் வேற டீம்லேர்ந்து ஒரு மாட்யூல் என் கைக்கு வந்தது. டிசைன் பண்ணினவர் ஆன்சைட் கிளம்பிட்டார். மூணாவது வாரம், வெள்ளிக்கிழமை ராத்திரி, ப்ரொடக்‌ஷன்ல படுத்துடுச்சு. க்ளையன்ட்டுக்கு ரூட் காஸ் அனாலிசிஸ் அனுப்பணும். "இப்ப நீதானே ஓனர், உன் பேர்ல அனுப்பு"ன்னாங்க. அனுப்பினேன். தப்பு என்ன, எப்படி சரி பண்ணுவோம்னு எல்லாம் ஒழுங்காத்தான் எழுதினேன். கான்ஃபரன்ஸ் கால்ல டிசைன் பண்ணின மனுஷனும் இருந்தார். ம்யூட்ல. ஒரு வருஷம் கழிச்சும் அந்த மாட்யூல் பேரை எடுத்தா என் மூஞ்சியைத்தான் பார்த்தாங்க. அப்ரைசல்லயும் அது வந்தது. கோட்ல என்ன தப்புங்கறது யாருக்கும் ஞாபகம் இல்ல, மெயில் யார் பேர்ல போச்சுங்கறது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. ஹிண்டன்பர்க் ரூமை விட்டு வெளியே போன இடத்தைப் படிச்சப்போ எனக்கு அந்த ம்யூட்தான் ஞாபகம் வந்தது.

ஜெர்மனிக்கு வருவோம். சண்டை நின்னப்போ ஜெர்மன் படைகள் இன்னும் பிரான்ஸ், பெல்ஜியம் மண்ணுலதான் இருந்தாங்க. தோத்துட்டோம்னு சாதாரண ஜனங்களுக்குக் கண்ணால பார்த்து நம்ப ஒண்ணுமே இல்ல. 1919 நவம்பர்ல ஹிண்டன்பர்க் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னாடி வந்து, ராணுவத்தை முதுகுல குத்திட்டாங்கன்னு சாட்சி சொன்னார். ரூமை விட்டுப் போன அதே மனுஷன்! கையெழுத்துப் போட்டவங்க "நவம்பர் குற்றவாளிகள்" ஆனாங்க. 1921 ஆகஸ்ட் 26-ம் தேதி எர்ட்ஸ்பெர்கரைக் கருங்காட்டுப் பகுதியில சுட்டுக் கொன்னாங்க. சுட்டது ரெண்டு முன்னாள் கடற்படை அதிகாரிகள்.

1919 ஜனவரித் தேர்தல்ல மூணு ஜனநாயகக் கட்சிகளும் சேர்ந்து நாலுல மூணு பங்கு ஓட்டு வாங்கினாங்க. 1920 ஜூன்ல அது பாதிக்கும் கீழ போச்சு. அதுக்கப்புறம் அவங்க மூணு பேருக்கும் பெரும்பான்மை திரும்பக் கிடைக்கவே இல்ல. இதுக்குக் கையெழுத்து மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன். உள்நாட்டுக் கலகம், விலைவாசின்னு நிறைய இருந்தது. ஆனா "உங்களாலதான்"னு கைகாட்ட ஒரு காகிதம் தயாரா இருந்தது.

அப்படியும் 1920-கள்ல நிலைமை தேறி வந்துச்சு. 1924 டாஸ் திட்டம் தவணையை இலகுவாக்கினது, அமெரிக்கக் கடன் வந்தது. அதனாலதான் 1928-ல அந்த 2.6 சதவீதம். 1929-ல யங் திட்டம் வந்தது. தொகையைக் குறைச்சாங்க, ஆனா தவணை 1988 வரைக்கும்! தாத்தா தோத்த சண்டைக்குப் பேரன் பணம் கட்டணும். அதை எதிர்த்துப் பிரசாரம் பண்ணின கூட்டத்துல ஹிட்லரும் சேர்ந்துக்கிட்டு நாடு முழுக்க மேடை பிடிச்சார். கூடவே உலகப் பொருளாதார வீழ்ச்சி. நாஜி ஓட்டு 1930-ல 18.3 சதவீதம், 1932 ஜூலைல 37 சதவீதத்துக்கும் மேல.

நாடாளுமன்றப் பெரும்பான்மையோட ஆண்ட கடைசிப் பிரதமர் யார் தெரியுமா? ஹெர்மன் முல்லர். அதே முல்லர்தான். 1930 மார்ச்ல அவர் ஆட்சி கவிழ்ந்தது. 1925-லேர்ந்து ஜனாதிபதியா இருந்தவர் யாரு? ஹிண்டன்பர்க். 1933 ஜனவரி 30-ம் தேதி ஹிட்லரைப் பிரதமரா நியமிச்சதும் அவர்தான். கையெழுத்துப் போட்டவங்க அழிஞ்சாங்க, போடாதவர் மாலை மரியாதையோட நாட்டையே எழுதிக் கொடுத்தார்.

நேச நாடுகள் பக்கமும் நியாயம் இருக்கு. பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் மேல வீரர்களை இழந்தது. வடக்கு பிரான்ஸ் தரைமட்டம், பின்வாங்கின ஜெர்மன் படை சுரங்கங்கள்ல தண்ணியை விட்டுட்டுப் போச்சு. அவங்க நஷ்டஈடு கேட்காம இருப்பாங்களா? பிரச்சினை என்னன்னா, இவ்வளவு கடுமையா எழுதிட்டு அதைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்ல. அமெரிக்க செனட் உடன்படிக்கையையே ஏத்துக்கல. 1936-ல ஹிட்லர் ரைன்லாந்துக்குள்ள படையை அனுப்பினப்போ யாரும் தடுக்கல. 1940 ஜூன் 22-ம் தேதி அதே ரயில் பெட்டியை அருங்காட்சியகத்துலேர்ந்து வெளிய இழுத்து, அதுலயே பிரான்ஸைக் கையெழுத்துப் போட வெச்சான்.

இப்ப 1945-ஐப் பாருங்க. அந்த முடிவு 1919-ஐ விடப் பல மடங்கு கடுமை. நாடே நாலு துண்டு, கிழக்குல பெரிய நிலப்பரப்பு போச்சு, கிட்டத்தட்ட 1 கோடியே 20 லட்சம் ஜெர்மானியர்கள் ஊரை விட்டு விரட்டப்பட்டாங்க. ஆனா "முதுகுல குத்திட்டாங்க" கதை மறுபடி எடுபடல. தோல்வி ஒவ்வொரு தெருவுலயும் தெரிஞ்சது. மே 7-ம் தேதி ரெய்ம்ஸ்ல கையெழுத்துப் போட்டது ஜெனரல் யோடல். அடுத்த நாள் ராத்திரி பெர்லின்ல போட்டது ஃபீல்ட் மார்ஷல் கைடெல். சண்டையை நடத்தினவங்களே வந்து போட்டாங்க. அப்புறம் வந்த மேற்கு ஜெர்மன் ஜனநாயகத்துக்கு மார்ஷல் திட்டம் கிடைச்சது, 1953-ல லண்டன் ஒப்பந்தத்துல கடன்ல பாதி தள்ளுபடி. தண்டனை பழைய ஆளுங்களுக்கு, உதவி புது ஆளுங்களுக்கு. 1919-ல தண்டனைச் சீட்டைப் புது ஆளுங்க கையில கொடுத்துட்டு, பழைய ஆளுங்களுக்குப் பென்ஷன் கொடுத்தாங்க.

அந்த ஓவியத்துல பின்வரிசைல நம்ம பக்கத்து ஆள் ஒருத்தரும் நிக்கறார். பிகானீர் மகாராஜா கங்கா சிங். இந்தியா சார்புல அவரும், இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மான்டேகுவும் கையெழுத்துப் போட்டாங்க. ஜாலியன்வாலாபாக் நடந்து அப்போ மூணு மாசம் கூட ஆகல. நம்ம பேர்ல போட்ட ரெண்டு பேரையும் நம்ம ஜனங்க தேர்ந்தெடுக்கல. கையெழுத்துக்கும் பொறுப்புக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கலாம்ங்கறதுக்கு அதே மண்டபத்துல இன்னொரு உதாரணம்.

நஷ்டஈட்டுக்காக வாங்கின வெளிநாட்டுக் கடன்களோட கடைசித் தவணையை ஜெர்மனி 2010 அக்டோபர் 3-ம் தேதி கட்டி முடிச்சது. சண்டை நின்னு கிட்டத்தட்ட 92 வருஷம்.

இப்ப அந்தப் பத்தாங்கிளாஸ் கேள்வியை மறுபடி கொடுத்தா முதல் பாயின்ட் அதேதான் எழுதுவேன், வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை. ஆனா கீழ ஒரு வரி சேர்ப்பேன்: தோத்தவங்களை விட்டுட்டு, அவங்களுக்கு அப்புறம் நாட்டை நிமிர்த்த வந்தவங்க தலைல அதைக் கட்டினதுதான் பெரிய தப்பு. மார்க் போடுவாங்களான்னு தெரியல.

அப்புறம் அந்த மாட்யூல்... இப்ப வேற ஒரு புதுப் பையன்கிட்ட போயிருக்கு. போன வாரம் அவன் முதல் ரூட் காஸ் மெயிலை எழுதிக்கிட்டிருந்தான். என் பேரையும் சேர்த்துப் போட்டு அனுப்பச் சொன்னேன்.